வாழை நாரில் ஒரு மொபெட் மூடி

அப்பாவின் மொபெட்டில் எப்போதும் இரண்டு பக்கமும் வாழைத்தார் தொங்கும். போன தை மாதம் வாய்க்கால் கரை மேட்டில் வண்டி சாய்ந்ததில் பேட்டரியை மறைக்கும் இடது பக்க பிளாஸ்டிக் மூடி மூன்று துண்டாகப் போய்விட்டது. அப்பாவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, தாருக்கு அதுகூட இல்லை. “பஸ்ஸுக்கெல்லாம் ஃபைபர் அடிக்கறே, இதுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுறா” என்று துண்டுகளை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார்.

நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஃபைபர் வேலை பார்க்கிறேன். பதினான்கு வருடமாகிறது. கிளாஸ் மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பும், ஊற்றினால் இறுகிக் கெட்டியாகும் பாலியெஸ்டர் ரெசினும் இருந்தால் இந்த மூடியைச் செய்ய ஒரு மதியம் போதும். ஆனால் அந்தக் கண்ணாடித் தூசி முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் ஏறி ராத்திரி முழுக்க அரிக்கும். லீவு நாளிலும் அதையே இழுத்துப் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. குளித்தலையில் எங்கள் தோட்டத்து வரப்பில் தார் வெட்டிய வாழை மரங்கள் அழுகிக் கிடந்தன. அந்த நாரை வைத்துச் செய்தால் என்ன? இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சித்திரை வரை இழுத்துவிட்டது.

அச்சு எடுத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்லபடியாக இருக்கும் வலது மூடியிலிருந்து இடதுக்கு அச்சு எடுக்க முடியாது, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எல்லாம் திரும்பிக்கொள்ளும். அதனால் உடைந்த துண்டுகளையே ஒட்டி, விரிசலைப் புட்டியால் நிரப்பித் தேய்த்து, நான்கு தடவை மெழுகு போட்டு அதன்மேலேயே அச்சு எடுத்தேன். அச்சுக்கு மட்டும் கிளாஸ் மேட்தான். அதில் வீம்பு பார்க்கவில்லை.

நார் எடுப்பதுதான் எனக்குப் புது வேலை. தார் வெட்டிய மரத்தைப் பட்டை பட்டையாகப் பிரிக்க வேண்டும். பூக்கட்ட எடுக்கும் நாரை அம்மா காய்ந்த பட்டையிலிருந்து நகத்தாலேயே கிழித்து எடுத்துவிடுவார். அது வேறு. அது பட்டையின் ஒரு கீற்று, சதையும் நாரும் சேர்ந்தே இருக்கும். எனக்கு வேண்டியது சதை முழுக்கப் போன வெறும் நார். ஒரு பலகையில் ஈரப் பட்டையை வைத்து, மொக்கையான எஃகுப் பட்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டையை இழுத்தால், சாறும் சதையும் ஒரு பக்கம் வழிய, மறுபக்கம் வெள்ளையாக, பட்டுக் கற்றை மாதிரி நார் வரும். முதல் இழுப்பில் வராது. நான்கைந்து முறை இழுக்க வேண்டும். இதற்கென்றே நார் உரிக்கும் இயந்திரம் இருக்கிறது. ஒரு மூடிக்காக அதைத் தேடிப் போகவில்லை. வாழைக்கறை சட்டையில் பட்டால் போகாது என்பது குளித்தலைக்காரனுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நல்ல சட்டையோடு உட்கார்ந்தேன்.

மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். முதுகு ஒடிய மூன்று மரத்தைச் சுரண்டியதில் காய்ந்த நார் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. வெளிப்பட்டை நார் பழுப்பாக, முரடாக, நல்ல பலத்தோடு இருக்கிறது. உள்ளே போகப் போக வெளுத்து மெலிந்துவிடுகிறது. தண்டுக்குப் பக்கத்துப் பட்டைகளை நாருக்காகச் சுரண்டுவது வீண். அவற்றை மாட்டுக்குப் போட்டுவிட்டேன், நடுத்தண்டு பொரியலுக்குப் போனது.

முதல் முயற்சியில் நாருக்கு எந்த வைத்தியமும் செய்யவில்லை. வெயிலில் காயவைத்து, 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பரப்பி, பாலியெஸ்டர் ரெசின் ஊற்றி ரோலர் போட்டேன். மூடிக்கு நேராகப் போகாமல், 4 மி.மீ. தடிமன், 25 மி.மீ. அகலத்தில் சோதனைத் துண்டுகள் மட்டும். ரோலர் போடும்போதே ஏதோ சரியில்லை என்று கைக்குத் தெரிந்தது. கிளாஸ் மேட்டில் ரெசின் பட்டதும் அது உள்ளே இறங்கி, வெள்ளை மேட் கண்ணாடியாகத் தெளிந்துவிடும். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் எங்கள் கை ரோலரை நிறுத்தும். இந்த நாரில் ரெசின் எண்ணெய்த் தலையில் விட்ட தண்ணீர் மாதிரி மேலேயே நின்றது.

இறுகிய துண்டைக் கையால் ஒடித்தேன். ‘பட்’ என்று ஒடிந்தது. ஒடிந்த வாயைக் கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. நார்கள் அறுபடவே இல்லை. ஒரு பக்கத்தில் நார் முழுசாக நீட்டிக்கொண்டிருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் அது இருந்த இடத்தில் வழவழப்பான ஓட்டை. உறையிலிருந்து கத்தியை உருவின மாதிரி. நாருக்குப் பலம் இருந்து என்ன, ரெசின் அதைப் பிடித்துக்கொள்ளவே இல்லை.

காரணம் கொஞ்சம் யோசித்தால் தெரிகிற விஷயம்தான். வாழை நாரில் ஏறத்தாழ அறுபது சதவீதம் செல்லுலோஸ். அந்தச் செல்லுலோஸ் இழைகளை ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின் ஆகியவை சாந்து மாதிரி சேர்த்துக் கட்டி வைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய மெழுகு. ரெசின் அந்த மெழுகைத்தான் தொடுகிறது, நாரை அல்ல. போதாததற்கு, நார் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் ஜாதி. பாலியெஸ்டர் ரெசின் தண்ணீரோடு சேராத ஜாதி. இரண்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை நடக்க வேண்டுமென்றால் நாரின் மேல்தோலை மாற்றியாக வேண்டும்.

கரூரில் இதைக் கேட்க ஆள் தேட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு ஜவுளி. எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர் சாயப்பட்டறையில் முப்பது வருடமாக இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “நூலுக்கு நாங்க மெர்சரைஸ் பண்றதுதானுங்க தம்பி. காஸ்டிக்ல முக்கி எடுத்தா நூலு பளபளன்னு ஆயிடும், சாயம் நல்லாப் புடிக்கும். உங்க நாருக்கும் அதையே பண்ணுங்க.” ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 1850இல் காப்புரிமை வாங்கிய வேலை அது. சட்டை லேபிளில் ‘மெர்சரைஸ்டு’ என்று போட்டிருப்பது அவர் பெயரைத்தான். அவர்கள் நூலுக்குப் போடும் காஸ்டிக் சோடா இருபது சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்றார். நான் உஷாராக இருப்பதாக நினைத்துக்கொண்டு பத்து சதவீதம் போதும் என்று முடிவு செய்தேன். நன்றாக ஊறட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டேன். இரண்டும் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு பாத்திரம். கொல்லையில் சும்மா கிடந்த அலுமினியக் குண்டானில் சோடாவைக் கரைத்தேன். கரைத்த கொஞ்ச நேரத்திலேயே ‘சொய்ங்’ என்று இரைந்து பொங்க ஆரம்பித்தது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். தின்னும்போது வெளிவருவது ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் அடுப்பெரிந்தால் பற்றிக்கொள்ளும். பதறிப்போய், பட்டறைக் கையுறையோடு குண்டானைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய்ப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். குண்டானின் உள்பக்கம் கறுத்து, அடியில் ஊசி முனை அளவுக்கு நாலைந்து பொத்தல். அம்மா வெளியே வந்து பார்த்தார். “ஏண்டா, கல்யாணத்துக்குச் சீரா வந்த குண்டான்டா அது. உன் ஆராய்ச்சிக்கு வேற ஏனமே கெடைக்கலியா?” அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

காலையில் பார்த்தால் நார் மஞ்சளும் பழுப்புமாக, தொட்டால் கொழகொழவென்று சேப்பங்கிழங்குத் தோல் மாதிரி இருந்தது. கழுவிக் காயவைத்ததும் சுருங்கி முறுக்கிக்கொண்டது. ஒரு நாரை எடுத்து இரண்டு விரலால் இழுத்தால் சும்மா அறுந்தது. முந்தின நாள் அதே நார் விரலை அறுத்திருக்கும். அண்ணன் சொன்னது பொய்யல்ல, அவர் சொன்னது பருத்திக்கு. பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒற்றைச் செல், கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். அதைக் கட்டிவைக்கச் சாந்து தேவையில்லை. அவர்கள் அதை முறுக்கி இழுத்துப் பிடித்து, நிமிடக் கணக்கில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். வாழை நார் அப்படியல்ல. கண்ணுக்கு ஒற்றை நாராகத் தெரிவது குட்டிக் குட்டிச் செல்கள் நீளவாக்கில் ஒட்டிய ஒரு கட்டு. சோடா அதிகமானால் மேலே இருக்கும் மெழுகோடு நிற்காமல் உள்ளே இருக்கும் சாந்தையும் கரைத்துவிடும், செல்லுலோஸையும் கடிக்கும். செங்கல் சுவரைச் சுத்தம் செய்கிறேன் என்று இடுக்கில் இருக்கும் கலவையைத் தோண்டி எடுத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

அப்புறம்தான் கொஞ்சம் படித்தேன். நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரிகளில் வாழை நார், கற்றாழை நார், தென்னை நார் வைத்து புராஜெக்ட் செய்யாத மெக்கானிக்கல் துறை இல்லை என்றே சொல்லலாம். பாதிப்பேர் எல்.ஒய். 556 என்ற எபாக்சி ரெசினும் அதை இறுக்கும் எச்.ஒய். 951 ஹார்டனரும் பத்துக்கு ஒன்று என்று கலந்திருப்பார்கள். நார் வைத்தியம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஐந்து சதவீத சோடாவைச் சுற்றியே வருகிறார்கள். சிலேன், பெர்மாங்கனேட் என்று வேறு ரசாயனங்களுக்கு மேலே போகிறவர்களும் உண்டு. சிலேன் நல்ல சங்கதிதான், ஒரு கை நாரையும் மறு கை ரெசினையும் பிடித்துக்கொள்ளும். ஆனால் என் பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. தென்னை நாரை ஏன் எடுக்கவில்லை என்று உடன் வேலை பார்க்கும் பையன் கேட்டான். அதில் லிக்னின் நாற்பது சதவீதத்துக்கு மேல், நன்றாக இழுபடும், மெத்தைக்கும் கயிற்றுக்கும் அது ராஜா. விறைப்பு வேண்டிய இடத்துக்கு வாழைதான் தேவலை.

மூன்றாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். 250 கிராம் நார், 5 லிட்டர் தண்ணீர், 250 கிராம் காஸ்டிக் சோடா. நாரின் எடைக்கு இருபது மடங்கு தண்ணீர் இருந்தால்தான் எல்லா நாரும் நனையும். குறைத்தால் நடுவில் இருப்பது அப்படியே வெளியே வரும். கழிவறை கழுவும் பொடி வேண்டாம், அதில் வேறு சரக்கெல்லாம் கலந்திருக்கும். சாயப்பட்டறைக்கு வரும் சில்லுச் சோடாவைத்தான் வாங்கினேன். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மாற்றிச் செய்தால் கொதித்து மூஞ்சியில் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் வாளி தொட முடியாத அளவுக்குச் சுடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆறின பிறகே நாரைப் போட்டேன். தோலில் பட்டால் முதலில் எரியாது, சோப்பு மாதிரி வழுக்கும். அந்த வழுக்கல் நம் தோலே கரைகிறது என்பதன் அடையாளம்.

பத்து நிமிடத்தில் தண்ணீர் பால் விடாத டீ நிறத்துக்கு வந்துவிட்டது. கரைந்து வருவது ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் குழாயால் கிளறிவிட்டேன். இரண்டு மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இல்லை. அலாரம் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

கழுவுவதுதான் இதில் பாதி வேலை என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ‘நன்கு கழுவவும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எதுவரை நன்கு? என்னிடம் பிஎச் தாள் கிடையாது. அம்மாவின் மஞ்சள்தூள் இருந்தது. வெள்ளை வேட்டித் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டேன். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கிற வீட்டில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் அலசல் தண்ணீரில் துணி ரத்தச் சிவப்பு. மூன்றாவதில் செங்கல் நிறம். நான்காவது அலசலில் அண்ணன் கொடுத்த அசிட்டிக் அமிலத்தைச் சில சொட்டு விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தேன். ஐந்தாவதில் துணி மஞ்சளாகவே நின்றது. ஆனால் நாரைப் பிழிந்து அந்த நீரில் தொட்டால் ஓரத்தில் மெல்லச் சிவந்தது. வெளித் தண்ணீர் சுத்தமாகிவிட்டது, நாருக்குள்ளே இன்னும் இருக்கிறது. பிழிந்த நீரிலும் மஞ்சள் மாறாமல் நிற்க ஏழு அலசல் ஆனது. மிச்சமிருக்கும் சோடா ரெசின் இறுகுவதைக் கெடுக்கும், நாரையும் உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கும்.

நிழலில் இரண்டு நாள் காய்ந்த பிறகு எடை போட்டேன். 205 கிராம். நார் முன்னைவிட மெலிந்து, வெளுத்து, தொட்டால் லேசாகச் சொரசொரவென்று இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்து மாதிரி நிற்காமல் உடனே உறிஞ்சிக்கொண்டது. மெழுகு போய்விட்டது. சந்தோஷத்தில் 30 கிராமை எடுத்து அன்றே சோதனைத் துண்டு அடித்தேன்.

அது ஒட்டும் பிசினுமாக நின்றது. ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் வழக்கம்போல ஒன்றரை சதவீதம், இருபது நிமிடத்தில் இறுகியிருக்க வேண்டும். மறுநாள்கூட நகம் பதிந்தது. உள்ளே பால் கலந்த மாதிரி வெண்மூட்டம், நாரை ஒட்டிச் சின்னச் சின்னக் குமிழ். கேட்டலிஸ்ட் பழசோ என்று அதே சரக்கில் கிளாஸ் மேட் ஒரு துண்டு அடித்துப் பார்த்தேன், கல்லாக நின்றது. அப்போ குற்றவாளி நார்தான். (புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் அடுத்தது.)

தொட்டால் காய்ந்திருக்கிறது, முகர்ந்தால் காய்ந்த வைக்கோல் வாசம். பிறகெங்கே ஈரம்? நாருக்குள்ளேயே. காற்றில் சும்மா கிடக்கும் வாழை நார் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு தண்ணீரைக் கமுக்கமாக வைத்துக்கொண்டிருக்கும். மெழுகை எடுத்துவிட்ட நார் இன்னும் தாகத்தோடு இருக்கிறது. நல்லது செய்யப்போய் இன்னொரு வம்பை வாங்கியிருக்கிறேன். பழைய பிஸ்கட் தகரம் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே இரண்டு நூறு வாட் குண்டு பல்பு கட்டி, நடுவில் கம்பி வலையில் மீதி 175 கிராம் நாரைப் பரப்பினேன். நார் பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பற்றிக்கொண்டால் பெட்டியே அடுப்பாகிவிடும். அரை மணிக்கு ஒருமுறை எடுத்து எடை. 168. 163. 159. அப்புறம் 158இல் நின்றது, இன்னும் ஒரு மணி நேரம் வைத்தும் அசையவில்லை. தொட்டால் முன்னே எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. கையால் கண்டுபிடிக்க முடியாத 17 கிராம் தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது.

தராசிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் 161. கண்ணெதிரே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. ஆக, பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ரெசினில் இறக்க வேண்டும். ரெசினை முதலில் கலக்கி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறக்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது. அப்படி அடித்த துண்டில் ரோலர் போகும்போதே வித்தியாசம். ரெசின் இறங்கியது. நார் நிறம் ஒரு படி கறுத்து, கிளாஸ் மேட் அளவுக்கு இல்லாவிட்டாலும், தேன் நிறத்தில் தெளிந்தது.

ஒடித்துப் பார்க்கிற முறையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு செங்கல்லை 15 செ.மீ. இடைவெளியில் வைத்து மேலே துண்டு, நடுவில் கயிற்றில் வாளி, அதில் சொம்பு சொம்பாகத் தண்ணீர். ஆய்வகக் கணக்கு அல்ல, பட்டறைக் கணக்கு. ஒவ்வொன்றிலும் மூன்று துண்டு ஒடித்தேன். வைத்தியம் செய்யாத நார் ஐந்தரை கிலோவை ஒட்டிப் போனது. பத்து சதவீதத்தில் ராத்திரி ஊறியது அதைவிடக் குறைவு, ஐந்தைத் தாண்டவில்லை. ஈரத்தோடு அடித்தது ஆறரை, அதுவும் ஒடியாமல் வளைந்து தொங்கியது. ஐந்து சதவீதம், இரண்டு மணி நேரம், பெட்டியில் காய்ந்தது: ஒன்பதரை. ஒடிந்த வாயில் ஓட்டைகள் குறைந்து, நார்கள் பிய்ந்து பிசிறாக நின்றன. நார் அறுந்திருக்கிறது என்றால் ரெசின் விடாமல் பிடித்திருக்கிறது. அந்தப் பிசிறைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் ஒன்பதரையைப் பார்த்தபோதுகூட வரவில்லை. அதே அளவு கிளாஸ் மேட் துண்டைத் தொங்கவிட்டேன். இருபது லிட்டர் வாளி நிரம்பி வழிந்தது, துண்டு சிரித்துக்கொண்டு நின்றது. கண்ணாடியை வாழை ஜெயிக்கும் என்று யாராவது சொன்னால் வாளியோடு என் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மூடிக்கு அந்தப் பலம் போதும். அதன் வேலை பேட்டரியை மறைப்பதும் அப்பாவின் முழங்காலைத் தாங்குவதும்தான். நார் கிளாஸ் மேட் மாதிரி அச்சின் மூலையில் படுக்காது, வில்லாக எழுந்துகொள்ளும். வெட்டிய நாரை மரச்சட்டத்தில் தூவி, ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியால் அழுத்தித் தகடாக்கி, மறுபடி பல்புப் பெட்டியில் வைத்தேன். மூலைக்கு மட்டும் சீப்பால் வாரிய நீள நாரை வளைவுக்குக் குறுக்காக வைத்தேன். அச்சில் முதலில் பூசும் ரெசின் மேல்பூச்சான ஜெல்கோட் ஒரு கை, அது கைக்கு ஒட்டுகிற பதத்தில் நார்த் தகடு ஒன்று, ரெசின், இன்னொரு தகடு. மேலே பாலித்தீன் தாள் போட்டு மணல் மூட்டையை ஏற்றிவைத்தேன்.

கழற்றி ஓரம் வெட்டிய மூடி 350 கிராம். பழைய பிளாஸ்டிக் மூடி 210. பழசைவிடக் கனம், தடிமனும் கூட. அந்த 350இல் நார் எவ்வளவு? 70 கிராம். மிச்சமெல்லாம் பெட்ரோலியத்தில் வந்த ரெசின்தான். கிளாஸ் மேட்டுக்குப் பதில் வாழை நார், அவ்வளவுதான் மாறியிருக்கிறது. இதைப் ‘பசுமைப் பொருள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐந்தில் ஒரு பங்கு பசுமை என்று வேண்டுமானால் சொல்லலாம். கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை ட்ராபாண்ட் என்ற காரின் உடல் தகட்டைப் பஞ்சுக் கழிவிலும் ஃபீனால் ரெசினிலும் அழுத்திச் செய்தார்கள். ஏறத்தாழ 30 லட்சம் கார்கள். பசுமைக்காக அல்ல, இரும்புத் தகடு கிடைக்காததால். எனக்கும் காரணம் அரிப்புதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. சோடாத் தண்ணீர். முதல் தொட்டி 5 லிட்டர், அலசிய தண்ணீர் முப்பத்தைந்து லிட்டர். இதை வாய்க்காலில் கவிழ்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் நொய்யல் வந்து காவிரியில் சேரும் மாவட்டத்துக்காரன் நான். பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்த் தொட்டியாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் எங்கள் பட்டறை டீக்கடையில் பேசிப் பேசி அலுத்திருக்கிறோம். அசிட்டிக் விட்டால் காரம் அடங்கும், சோடியம் எங்கும் போகாது, மண்ணை உவராக்கும். அதனால் முதல் தொட்டியையும் முதல் மூன்று அலசலையும் கேனில் பிடித்து, அண்ணனின் பட்டறைக் கழிவுத் தொட்டியில் சேர்த்துவிட்டேன். அங்கிருந்து சுத்திகரிப்புக்குப் போகும். மீதி அலசல் தண்ணீரை நடைபாதை ஓரத்தில்தான் ஊற்றினேன். அதுவும் சரியில்லை என்று தெரியும். பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள் நாருக்கு முன்னால் இதற்கு ஒரு வழி பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

சித்திரையில் மூடியை மாட்டினேன். கறுப்பு பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னேன், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். தெளிந்த ஜெல்கோட்டுக்குள் நார் தெரிவதை மண்டியில் எல்லோருக்கும் தட்டிக் காட்டுகிறாராம். “நம்ம பூவன்தான்” என்று. நாலு மாதம் தார் இடித்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு மேல் போல்ட்டைச் சுற்றி எட்டணா அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம் தெரிந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. முன்பக்கம் ஜெல்கோட், பின்பக்கம் ரெசின் பூச்சு, வெட்டிய ஓரத்துக்கும் ஒரு கை கொடுத்திருந்தேன். போல்ட் ஓட்டையை மட்டும் மாட்டுகிற அவசரத்தில் துளைத்ததோடு விட்டுவிட்டேன். அறுபட்ட நார் முனைகள் அங்கே வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கின்றன, மழை உள்ளே போய்விட்டது. மூடியைக் கழற்றி எடை போட்டேன், 357. மூடி முழுசாக பிஸ்கட் தகரத்தில் போகவில்லை. அட்டைப்பெட்டி ஒன்றுக்கு உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, பல்புகளை எட்டத்தில் கட்டி இரண்டு ராத்திரி வைத்ததில் 351க்கு வந்தது. வெள்ளை வட்டம் மங்கியது, முழுக்கப் போகவில்லை. ஓட்டையை ஒரு நூல் பெரிதாகத் துளைத்து, அதன் உள்சுவரில் காது குடையும் பஞ்சால் ரெசினை மூன்று தடவை ஊறவிட்டு, ரப்பர் வாஷர் வைத்து மறுபடி மாட்டியிருக்கிறேன். கீழ் போல்ட் ஓட்டையையும் அப்படியே. வலது பக்க மூடியில் இப்போது ஒரு விரிசல் இருப்பதாக அப்பா சொல்கிறார். எனக்கென்னவோ அந்த விரிசல் தானாக வந்த மாதிரி தெரியவில்லை.